எடை குறைந்த ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக்: எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

ஃபுல் சஸ்பென்ஷன் பைக் (முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டிலும் அதிர்வு தாங்கி உள்ளது) வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனை கிலோ?" அந்தக் கேள்வியை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, எந்தப் பாதையில் ஓட்டப் போகிறீர்கள் என்பது. இரண்டாவது, அந்தப் பாதைக்கு எத்தனை மில்லிமீட்டர் டிராவல், அதாவது அடிபடும்போது சக்கரம் மேலே அமுங்கக்கூடிய முழுத் தூரம், போதும் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எடையில் பாதி தானாக முடிவாகிவிடும்.

ஸ்காட்லாந்தின் ட்வீட் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். பீபிள்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கிளென்ட்ரெஸ் காட்டில்தான் 2023 உலக சாம்பியன்ஷிப்பின் கிராஸ்கன்ட்ரி பந்தயங்கள் நடந்தன. அங்கே கடினத்தைக் காட்ட நீலம், சிவப்பு என்று குறியிட்ட பாதைகளில் நீண்ட ஏற்றம், சரளை, வேர், கல், வளைந்து வளைந்து போகும் இறக்கம் எல்லாம் ஒரே சுற்றில் வந்துவிடும். இந்த மாதிரி கலப்புப் பாதைக்குப் பின்னால் 120 மி.மீ., முன்னால் 130 மி.மீ. டிராவல் தாராளம். அதே பள்ளத்தாக்கில் கொஞ்சம் தள்ளி இருக்கும் இன்னர்லீதனின் செங்குத்தான இறக்கங்களுக்கு வாராவாரம் போவீர்கள் என்றால் கதையே வேறு. அங்கே 150, 160 மி.மீ. பைக்தான் காப்பாற்றும், எடையைப் பற்றி யோசிக்காமல் அதையே வாங்குங்கள்.

தோராயக் கணக்கு இது. நடுத்தர அளவு ஃபிரேம், பெடல் இல்லாமல். பந்தயத்துக்கான 100–120 மி.மீ. கார்பன் பைக் 10 முதல் 11.5 கிலோ. 120–130 மி.மீ. கார்பன் பைக் 12 முதல் 13.5 கிலோ. அதே வகை அலுமினியத்தில் 14, 15 கிலோ. 150 மி.மீ. அலுமினிய பைக் என்றால் 16 கிலோவைத் தொடும். சான்டா குரூஸ் டால்பாய் (பின்னால் 120, முன்னால் 130), டிரான்ஸிஷன் ஸ்பர் (இரண்டிலும் 120), யெட்டி எஸ்பி120 (120, 130) போன்றவை நடு வகையைச் சேர்ந்தவை. இந்தக் கட்டுரை பேசுவதும் இந்த வகையைப் பற்றித்தான்.

எடையைக் குறைத்தால் எவ்வளவு லாபம் என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஆள் 78 கிலோ, பைக் 14 கிலோ, ஆக மொத்தம் 92. அதில் 1.5 கிலோ குறைத்தால் 1.6 சதவீதம். செங்குத்தான ஏற்றத்தில் நேரமும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில்தான் குறையும். ஒரு மணி நேரம் ஏறினால் ஒரு நிமிடம் மிச்சம், அவ்வளவுதான். பிறகு ஏன் எடை குறைந்த பைக் கைக்கும் காலுக்கும் அத்தனை வித்தியாசமாக இருக்கிறது? வளைவிலிருந்து வெளியே வரும்போது சட்டென்று வேகம் பிடிக்கிறது. வேர் வந்தால் முன்சக்கரம் லேசாக எழும்புகிறது. மிதிக்கும்போது பின்பக்கம் அமுங்கி வீணாவது குறைவு. இதில் பெரும்பகுதி சக்கரமும் டயரும் குறைந்த டிராவலும் தருவது. அதனால் காசையும் அங்கேதான் போட வேண்டும்.

கம்பெனி சொல்லும் எடையை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் நடுத்தர அளவு ஃபிரேம் கொண்ட பைக்கின் எடை, பெடல் சேராது. பெடல் மட்டுமே 350 முதல் 450 கிராம். கடையிலேயே எடை போட்டுப் பாருங்கள். பெட்டி தூக்கிப் பார்க்கும் டிஜிட்டல் தராசு ஒன்று போதும். சீட்டின் மூக்குக்கு அடியில் கொக்கியை மாட்டி, இரண்டு சக்கரமும் தரையை விடும்படி தூக்கி, எண் நிற்கும் வரை அசையாமல் பிடிக்க வேண்டும். டயருக்குள் டியூப் இருக்கிறதா, டியூப்லெஸ் திரவம் இருக்கிறதா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 29 அங்குல, 2.4 அகல டயருக்கான சாதாரண ரப்பர் டியூப் ஒன்றே 200–250 கிராம் இருக்கும். அதை எடுத்துவிட்டு வால்வு மாட்டி, 100–120 மில்லி திரவம் ஊற்றினால் சக்கரத்துக்குச் சுமார் 100 கிராம் குறையும். முள் பட்டாலும் தானே அடைத்துக்கொள்ளும். ரிம் டேப் முழுச் சுற்றும் ஒட்டியிருக்க வேண்டும். ஆணி முனையளவு ஓட்டை இருந்தாலும் ஒரே இரவில் காற்று இறங்கிவிடும். வெப்பமான ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திரவத்தைப் பார்த்து நிரப்புங்கள். உள்ளே காய்ந்துபோனது வெளியே தெரியாது.

டயர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். எடை குறைக்க வேண்டும் என்ற ஆசையில் மெல்லிய பந்தய டயரை மாட்டுகிறவர்கள்தான் அதிகம். கல் பாதையில் பின்சக்கரம் கூரான கல்லில் மோதும்போது டயரின் பக்கச் சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிக் கிழியும். பக்கச் சுவரில் விழுந்த கிழிசலைத் திரவம் அடைக்காது. அதற்கு எதிர்ப்பக்கத் தவறு, இறக்கப் பந்தயத்துக்கான கனமான, மென்ரப்பர் டயரை இரண்டு சக்கரத்திலும் மாட்டுவது. அதன் எடையைவிட அது உருளும்போது இழுக்கும் இழுப்புதான் ஏற்றத்தில் உயிரை வாங்கும். நடுவழி இருக்கிறது. பின்னால் மேக்ஸிஸ் ரெகான் 2.4 போல வேகமாக உருளும் டயர், எக்ஸோ எனும் பக்கச் சுவர்ப் பாதுகாப்பு உறையோடு 800 கிராமை ஒட்டி வரும். முன்னால் ஃபோர்காஸ்டர் 2.4. ஈரமும் சேறும் அதிகம் என்றால் மினியன் டிஹெச்எஃப் 2.5; அது ஒரு கிலோ வரும், பரவாயில்லை. முன்டயர் வழுக்கினால் நேராகக் கீழே விழுவோம்; பின்டயர் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ரிம்மின் உள்அகலம் 28–30 மி.மீ. இருந்தால், 75 கிலோ ஆளுக்கு முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ காற்றில் தொடங்கிப் பாருங்கள்.

சக்கரத்தை மாற்ற நினைத்தால் கணக்கு இப்படி: தொடக்க விலை பைக்குகளில் ஜோடி இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும், நல்ல அலுமினிய ஜோடி 1.7–1.8 கிலோ, கார்பன் 1.5–1.6 கிலோ. முதல் தாவலுக்கு ஆகும் செலவு நியாயமானது. இரண்டாவது அவசரமில்லை.

பின்சக்கரப் பல்சக்கரத் தொகுப்பான கேசட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஷிமானோ டியோர் 12 வேக 10–51 கேசட் ஏறக்குறைய 590 கிராம். அதே அளவு ஷிமானோ எக்ஸ்டி (XT) சுமார் 470. இரண்டும் ஒரே மைக்ரோஸ்பிளைன் (ஷிமானோவின் கேசட் பொருத்தும் முறை) ஹப்பில் ஏறும். பழைய கேசட் தேய்ந்ததும் எக்ஸ்டி மாட்டினால் 120 கிராம் குறையும், வேறு எதையும் தொட வேண்டாம். ஸ்ராம் என்எக்ஸ் 11–50 கேசட்டிலிருந்து ஜிஎக்ஸுக்குப் போனால் குறைவது இன்னும் அதிகம். ஆனால் ஜிஎக்ஸின் சின்னப் பல்சக்கரத்தில் 10 பல். அது பழைய ஹப் மேல் ஏறாது, ஸ்ராமின் எக்ஸ்டி (XD) டிரைவர், அதாவது ஹப்பில் கேசட் ஏறும் பகுதி, தனியாக வாங்க வேண்டும். அந்த ஹப்புக்கு டிரைவர் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பிரேக்கில் மட்டும் கிராம் கணக்குப் பார்க்கவே கூடாது. எடை குறைந்த பைக்குகள் பலவற்றில் இரண்டு பிஸ்டன் பிரேக், பின்னால் 160 மி.மீ. ரோட்டர் (பிரேக் வட்டு) என்று வரும். பத்து நிமிட இறக்கத்தில் ரோட்டர் சூடேறி, பேட் பளபளத்துப் பிடிப்பை இழந்துவிடும். 180 மி.மீ. ரோட்டருக்குக் கூடும் எடை இருபது முப்பது கிராம்தான். முன்னும் பின்னும் 180 போடுங்கள். 85 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் முன்னால் 200 அல்லது 203 போடலாம். ஃபிரேமும் ஃபோர்க்கும் எவ்வளவு பெரிய ரோட்டரைத் தாங்கும் என்பது அவற்றின் கையேட்டில் இருக்கும். விலை குறைந்த ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டர் வேகமாகத் தேய்ந்துபோகும். ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் டிராப்பர் சீட்போஸ்ட்டும் இப்படித்தான். கழற்றினால் 300 கிராமுக்கு மேல் குறையும், இறக்கத்தில் சீட் வயிற்றில் இடிக்கும். கழற்றாதீர்கள்.

கார்பனா, அலுமினியமா? ஒரே வடிவத்தில் ஃபிரேம் எடை வித்தியாசம் ஏறக்குறைய ஒரு கிலோ. ஆனால் ஒரே விலையில் கார்பன் ஃபிரேமும் மலிவான ஃபோர்க்கும் (முன்சக்கர சஸ்பென்ஷன்) ஒரு பக்கம், அலுமினிய ஃபிரேமும் நல்ல ஃபோர்க்கும் இன்னொரு பக்கம் என்றால் தயங்காமல் இரண்டாவதை எடுங்கள். மலிவான பாகங்கள் கார்பன் மிச்சப்படுத்திய எடையைத் திருப்பிச் சேர்த்துவிடும். ஃபோர்க் அமுங்கி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டாம்பர் மோசமாக இருந்தால் கல் பாதையில் மணிக்கட்டு வலிக்கும். 130 மி.மீ.க்கு ஃபாக்ஸ் 34, ராக்‌ஷாக்ஸ் பைக் (Pike) போன்றவை சரியான கனம். ஃபிரேம் அனுமதிப்பதைவிட நீளமான ஃபோர்க்கை மாட்டாதீர்கள். 10 மி.மீ. கூடினாலே ஹெட் ஆங்கிள் (ஃபோர்க்கின் சாய்வுக் கோணம்) அரை டிகிரி சாயும், அதோடு வாரண்டியும் போகும்.

பழைய பைக் என்றால் சோதனை வேறு. பின்சக்கரம் தரையில் இருக்க, சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். டக் என்று ஒரு தட்டல் கையில் தெரிந்தால், ஷாக் (பின்பக்க சஸ்பென்ஷன்) புஷிங்கோ பிவட் (ஃபிரேமின் அசையும் இணைப்பு) பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. மற்றொரு கையின் விரலை ஒவ்வொரு இணைப்பின் மேலும் வைத்துத் தூக்கினால் எது என்று பிடித்துவிடலாம். ஃபோர்க் குழாயிலும் ஷாக் தண்டிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் கீறல் சீலைத் தின்றுவிடும். அந்தப் பைக் வேண்டாம்.

வாங்கியதும் செய்ய வேண்டியது சேக் அளவை வைப்பது. பைக்கில் ஏறியதும் உங்கள் எடைக்கு சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்தான் சேக். ஷாக் பம்பால் காற்றடித்து, பைக்கைப் பத்து முறை அமுக்கி விடுங்கள். காற்று இரண்டு அறைக்கும் பரவுவதால் பம்பு முள் இறங்கும், மறுபடி அடியுங்கள். பம்பைக் கழற்றும்போது வரும் புஸ் சத்தம் குழாயில் இருந்த காற்று; ஷாக்கிலிருந்து போகவில்லை. சவாரி உடையோடும் தண்ணீரோடும் ஏறி, ரப்பர் வளையத்தைச் சீல் வரை தள்ளி, குதிக்காமல் இறங்கி அளந்து பாருங்கள். அளக்க வேண்டியது ஷாக் தண்டில், 120 மி.மீ. சக்கர டிராவலில் அல்ல. இங்கே பலர் குழம்புகிறார்கள். ஷாக்கின் ஸ்ட்ரோக் 45 மி.மீ. என்றால் 25–30 சதவீதம், அதாவது 11 முதல் 13.5 மி.மீ. 130 மி.மீ. ஃபோர்க்கில் 20–26 மி.மீ.

மூன்று நான்கு சவாரிக்குப் பிறகு வளையம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரிய அடியில் ஒருமுறை கடைசி வரை போயிருந்தால் சரி. சேக் சரியாக இருந்தும் அடிக்கடி முட்டுகிறது என்றால் காற்றைக் கூட்டாமல் உள்ளே ஒரு வால்யூம் ஸ்பேசர் (காற்று அறையின் இடத்தைக் குறைக்கும் துண்டு) சேருங்கள். அதே நாளில் டார்க் ரெஞ்சை எடுத்து, பிவட் போல்ட்டுகளை அவற்றின் அருகே பொறித்திருக்கும் அளவுக்கு மறுபடி இறுக்கிவிடுங்கள். புது பைக்கில் அவை தளர்வது வழக்கம்.