ரூலுக்கு ஒத்துப் போறத இங்கிலீஷ்ல எப்படி சொல்றது

ரங்கூன்லேருந்து சிங்கப்பூர், மலேசியான்னு வேலைக்கு கிளம்புற நம்ம தம்பி தங்கச்சிங்க என்கிட்ட இங்கிலீஷ் பேசிப் பழக வர்றப்ப ஒரு பட்டியலை மனப்பாடம் பண்ணிட்டு வராங்க, பத்து சொல் இருக்கும், பத்துக்கும் நேரா "விதிப்படி நடப்பது"ன்னு ஒரே அர்த்தம் எழுதிருக்கும். அதை அப்படியே நம்பாதீங்க. யாரு யாருகிட்ட சொல்றாங்கன்றத பொறுத்து மரியாதையே மாறிடும்.

நானே மாட்டினவதான். முதல் இன்டர்வியூல பெருமையா "ஐ வில் டோ த லைன்"னு சொன்னேன், எதிர்ல இருந்தவருக்கு சிரிப்பு வந்துடுச்சு. மனசுல இஷ்டம் இல்லாட்டியும் மேலிடத்து அதட்டலுக்கு அடங்கிப் போறதுதான் டோ த லைன், கட்சித் தலைமை சொன்னதுக்கு வேண்டா வெறுப்பா கை தூக்குற எம்பிக்கு பொருந்தும், வேலை கேட்டுப் போனவளுக்கு பொருந்துமா? "ஐ வில் ஃபாலோ த ரூல்ஸ்" போதும்.

அடுத்து வென் இன் ரோம், முழுசா சொன்னா "வென் இன் ரோம், டூ ஆஸ் த ரோமன்ஸ் டூ", ரோமுக்குப் போனா ரோமானியர் மாதிரி நடந்துக்கோன்னு அர்த்தம். நம்ம ஊர்ல பாம்பு தின்ற ஊருக்குப் போனா நடுத்துண்டு எனக்குன்னு சொல்வாங்களே, அதேதான். 4ஆம் நூற்றாண்டுல கிறிஸ்தவ ஞானி அகஸ்டினோட அம்மா மோனிக்காவுக்கு மிலான்ல சனிக்கிழமை விரதம் இருக்கணுமா வேணாமான்னு குழப்பம், பிஷப் அம்புரோஸ் சொன்னாராம், ரோம்ல இருந்தா விரதம் இருப்பேன், இங்க மிலான்ல இருந்தா இருக்க மாட்டேன். பழமொழிக்கு வேர் அதுதான்னு சொல்றாங்க. முழுசா சொல்லத் தேவையில்ல, பாதி சொன்னாலே புரியும். சென்னைலேருந்து வந்த ஃபிரெண்ட் நம்ம ரங்கூன் ஷ்வேடகோன் பகோடா வாசல்ல செருப்போட நிறுத்தாம சாக்ஸும் கழட்டணுமான்னு முழிக்கிறப்ப "வெல், வென் இன் ரோம்"னு சிரிச்சிட்டே சொல்லுங்க, சரியா உக்காரும். ஆனா இது பழக்கவழக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும்தான், விசா ஆபீஸ்ல இதைச் சொல்லி வைக்காதீங்க.

இப்ப எல்லாரும் வழுக்கி விழற இடம், யூஸ்ட் டு. இங்க பர்மாவுல 1970ல ஒரே நாள்ல ரோட்டுல வண்டி ஓடுற பக்கத்தை இடமிருந்து வலத்துக்கு மாத்தினாங்க, ஆனா ஜப்பான்லேருந்து வந்த பழைய கார் ஸ்டீயரிங் எல்லாம் வலப்பக்கமே இருக்கு, முன்னாடி போற லாரியை ஓவர்டேக் பண்ண பக்கத்து சீட்காரர்தான் எட்டிப் பாத்து சொல்லணும். அந்தக் காலத்து டாக்ஸி தாத்தா "ஐ யூஸ்ட் டு டிரைவ் ஆன் த லெஃப்ட்"னு சொன்னா முன்ன ஓட்டினேன், இப்ப இல்ல. "ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங் ஆன் த ரைட்"னா பழகிடுச்சு. நடுவுல ஆம், கடைசில இங், இந்த ரெண்டுதான் வித்தியாசம், ஆனா அர்த்தம் தலைகீழ். சிங்கப்பூர்ல மறுபடி இடப்பக்கம், அங்க போய் இறங்கின முதல் மாசம் "ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு இட்", இன்னும் பழகிட்டு இருக்கேன்னு அர்த்தம். அடாப்ட் டு அதைவிட கொஞ்சம் ஆபீஸ்தனமா இருக்கும், கடிதத்துல எழுத நல்லது.

ஒட்டுச் சொல் வேற தொல்லை. நாம "விதிக்கு" கீழ்ப்படியிறோம் இல்ல, அந்த "கு" நாக்குல ஒட்டிக்கிட்டு "ஓபே டு த ரூல்ஸ்"னு வந்துடும், தப்பு, ஓபேக்கு அப்புறம் எதுவும் வேணாம். அதே மாதிரி விதிப்படி நடக்கிறதுக்கு வர்ற மத்த சொல்லுக்கு ஒட்டு வேணும், கம்ப்ளைக்கு வித், அபைடுக்கு பை, கன்ஃபார்முக்கு டு. காரணம் கேக்காதீங்க, ஜோடியாவே மனசுல வெச்சுக்கோங்க.

பென்ட் த ரூல்ஸ்னா கொஞ்சம் வளைக்கிறது, பிரேக்னா உடைக்கிறது. பை த புக் ஆளுன்னா ஒரு எழுத்து பிசகாதவர், சில சமயம் கிண்டலாவும் சொல்வாங்க, குரலைக் கவனிங்க.

இன்னொண்ணு, டோ த லைன்ல வர்ற டோ (toe) கால் விரல், லாரியை இழுக்கிற டோ (tow) இல்ல. பேசுறப்ப ரெண்டும் ஒரே சத்தம், யாருக்கும் தெரியாது, மெயில்ல எழுதினாதான் மாட்டுவீங்க.