மாக்ஸ் வெபரைத் துணைக்கொண்டு ஒரு டெல்டா கிராமத்தை ஆராய்வது எப்படி?

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் அறத்தையும் முதலாளியத்தையும் பற்றிய அவருடைய நூலையே முதலில் எடுக்கிறார்கள். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தம் ஊரைப் பற்றி ஆய்வேடு எழுத முனையும் மாணவர்களுக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜெர்மனியில் எல்பா ஆற்றுக்குக் கிழக்கேயிருந்த பண்ணைத் தொழிலாளர்களைப் பற்றி 1892-இல் அவர் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குங்கள். அது பெரிய நூல் என்பதால், அதன் முடிவுகளைச் சுருக்கி 1894-இல் அவரே எழுதிய கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தாலே போதும்.

விளைச்சலில் பங்கும் சிறு நிலமும் பெற்று நிலவுடைமையாளரை அண்டி வாழ்ந்த குடும்பங்கள் பணக்கூலிக்கு மாறியதையும், பலர் ஊரைவிட்டு வெளியேறியதையும், அவர்களுடைய இடத்துக்குப் போலந்துக்காரர்கள் பருவக்கூலிகளாக வந்ததையும் அதில் காணலாம். வெளியேறியவர்களை உந்தியது கூடுதல் கூலியைவிட விடுதலை வேட்கையே என்று வெபர் கருதினார். பண்ணையாள் முறையைக் கண்டு, 1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கடந்து, இன்று நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆள் வருவதையும் பார்க்கும் நிலப்பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவாயில் இல்லை.

அந்த ஆய்வின் குறையையும் கவனியுங்கள். கேள்வித்தாள்கள் நிலவுடைமையாளர்களுக்கே அனுப்பப்பட்டன. தொழிலாளர்களிடம் எதுவும் கேட்கப்படவில்லை. அடுத்த ஆய்வில் வெபர் கிராமப் பாதிரியார்களிடம் விவரம் கேட்டு இதை ஓரளவு சரிசெய்ய முயன்றார். நீங்கள் மிராசுதாரின் திண்ணையோடு நின்றுவிடாமல் நடவுப் பெண்களிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

அடுத்ததாக, வெபர் பிரித்துக் காட்டிய வர்க்கம் (இங்கே முதன்மையாக நிலவுடைமை), மதிப்புநிலை (சமூகத்தில் கிடைக்கும் மரியாதை), அதிகாரம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடினமான பகுதி இதுதான். நில விவரத்துக்கு, கிராமத்துச் சாகுபடிப் பதிவேடான அடங்கல் உதவும். ஆனால் வாய்மொழிக் குத்தகை அதில் ஏறாது. மேலும், கோயில் அல்லது மடத்தின் பெயரில் இருக்கும் நிலத்தை வேறொருவர் சாகுபடி செய்யும் ஊர்கள் இங்கே ஏராளம். மதிப்புநிலையை அறியத் திருவிழாவில் பரிவட்டம் யாருக்குக் கட்டப்படுகிறது, தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்று பாருங்கள். அதிகாரத்தை ஊராட்சித் தலைவர் பதவியில் மட்டும் தேடாமல், கொள்முதல் நிலையத்தில் யாருடைய நெல் முதலில் எடை போடப்படுகிறது, கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது யார் சொன்னால் மதகு திறக்கிறது என்றும் விசாரியுங்கள்.

மூன்றும் ஒரே கையில் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடாதீர்கள். இந்தியச் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, வெபரின் இதே பாகுபாட்டைக் கொண்டு ஆராய்ந்தார். முன்பு பிராமணர்களிடம் சேர்ந்திருந்த நிலம், மதிப்பு, அதிகாரம் ஆகியவை பிரியத் தொடங்கி, அதிகாரம் பிராமணரல்லாதார் கைக்கு மாறியிருந்ததைக் கண்டார். அந்த ஊருக்கு அவர் ஸ்ரீபுரம் என்று புனைபெயர் இட்டது நீங்களும் பின்பற்ற வேண்டிய வழக்கம்.

1864-இல் எர்ஃபர்ட்டில் பிறந்து 1920-இல் மியூனிக்கில் மறைந்த வெபர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்து சமயம் பற்றிய அவருடைய நூல் ஏடுகளையும் பிறருடைய குறிப்புகளையும் நம்பி எழுதப்பட்டது. எனவே சாதி பற்றிய அவருடைய முடிவுகளைச் சான்றாக அல்ல, சோதித்துப் பார்க்க வேண்டிய கருதுகோளாகவே எடுத்தாளுங்கள்.