மரவாழ் டரான்டுலா கூண்டில் ஈரத்தைச் சரியாக வைப்பது எப்படி

மரத்தில் வாழும் டரான்டுலா (பெரிய, மயிரடர்ந்த சிலந்தி) என்றதும் மழைக்காடு நினைவுக்கு வரும். உடனே கை ஸ்ப்ரே பாட்டிலைத் தேடும். அவிகுலேரியா என்ற மரவாழ் பேரினத்துச் சிலந்திகள் பல இப்படித்தான் செத்துப்போகின்றன. மழைக்காட்டில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் கிளைமேல் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். மூடிய டப்பாவிலோ அதே ஈரம் தேங்கிப் புழுங்கும், பூஞ்சை பிடிக்கும். அதனால் முதல் வேலை காற்றோட்டம், தண்ணீர் அடுத்ததுதான்.

வளர்ந்த சிலந்திக்கு 20×20×30 செ.மீ. கூண்டு போதும், உயரவாக்கில். ஒரு பக்கச் சுவரில் மண்ணுக்குச் சற்று மேலேயும், எதிர்ச்சுவரில் உச்சிக்கு அருகிலும் 3 மி.மீ. துளைகள் பதினைந்து இருபது போடுங்கள். மூடியில் மட்டும் துளை இருந்தால் கீழே இருக்கும் காற்று அசையாது. குட்டிகளின் டப்பாவுக்குச் சூடாக்கிய ஊசியால் 1 மி.மீ. துளை. எந்தத் துளையும் சிலந்தியின் தலைப்பகுதியைவிடச் சிறியதாக இருக்கவேண்டும். கம்பிவலை வேண்டாம், கால் நகம் அதில் மாட்டிக்கொள்ளும்.

அடியில் 6 செ.மீ. தேங்காய் நார்த்தூள் போடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக்கூடாது. பிறகு ஈரம் சேர்க்கும்போது மேலே தெளிக்காமல், ஒரு மூலையில் சுவரோரமாக 100 மி.லி. அளவுக்கு மெதுவாக ஊற்றுங்கள். நீர் நேராக அடிக்கு இறங்கும், மேற்பரப்பு காய்ந்தே இருக்கும். கண்ணாடி வழியே பார்த்தால் ஈரமான நார் கரும்பழுப்பாகவும் காய்ந்தது வெளிர்நிறமாகவும் தெரியும். அந்தக் கரும்பட்டை அடியில் ஒரு விரல் தடிமனுக்குக் குறைந்ததும் மறுபடி ஊற்றினால் போதும். நாள் கணக்கு தேவையில்லை.

தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். சிலந்தி உச்சியிலேயே வலை பின்னி இறங்காமல் இருந்தால், கார்க் பட்டையில் ஒரு சின்ன மூடியை ஒட்டி அதிலும் நீர் வையுங்கள். கிண்ணத்தில் பஞ்சு, ஸ்பான்ஜ் வேண்டாம், அழுகி நாறும்.

ஸ்ப்ரே அடிக்கத்தான் வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை, மாலையில், ஒரு சுவரில் மட்டும் நாலைந்து அடி. சிலந்திமேலோ வலைக்குழாய்க்குள்ளோ படக்கூடாது. மறுநாள் காலையிலும் சுவரில் துளிகள் நின்றால் காற்றோட்டம் போதவில்லை. ஸ்ப்ரேயை நிறுத்தித் துளைகளைக் கூட்டுங்கள்.

போசிலோதேரியா, சால்மோபியஸ் என்ற மற்ற மரவாழ் வகைகள் அடிமண் ஈரத்தை நன்றாகத் தாங்கும். நார்த்தூளை 8–10 செ.மீ. ஆக்கலாம். போசிலோதேரியா கடி கடும் தசைப்பிடிப்பைத் தரும், ஓட்டமோ மின்னல் வேகம். கூண்டுக்குள் கைவிடாமல் நீண்ட மூக்குள்ள பாட்டிலால் ஊற்றுங்கள். குட்டிகள் எந்த வகையானாலும் சீக்கிரம் வறண்டுவிடும். அவற்றின் வலையில் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு துளி நீர் விடுங்கள், பாதி மண்ணை ஈரமாக வையுங்கள்.

ஈரப்பதமானியை நம்பி அலையாதீர்கள். முள் வைத்த மலிவு மீட்டர்கள் பெரிதாகப் பிசகும். சோதிக்க, ஒரு மூடியில் உப்பில் சில துளி நீர் விட்டுக் கூழாக்கி, மீட்டரோடு காற்றுப்புகாப் பையில் 12 மணி நேரம் வையுங்கள். 75 சதவீதம் காட்டவேண்டும்; விலகல் எவ்வளவோ அவ்வளவு பிழை. சூடேற்றும் விளக்கு எரிந்தால் எண் இறங்கும். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதே காரணம். அதற்காகக் கூண்டை நனைக்காதீர்கள்; விளக்குக்குப் பதில் அறையைச் சூடாக்குங்கள்.

இரைமிச்சத்தை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டாலே பூஞ்சை பாதி குறையும். மீதியை ஸ்பிரிங்டெயில் என்ற, மண்ணில் வாழும் மிகச் சின்னப் பூச்சிகள் தின்னும்.

வயிறு சுருங்கி, கால்கள் உடலுக்கடியில் மடங்கினால் அது நீரிழப்பாக இருக்கலாம். ஈரத்துணி போட்டு டப்பாவில் அடைப்பது ஆபத்து. ஆழமில்லாத கிண்ண விளிம்பில் வாய்ப்பகுதி மட்டும் நீரில் படும்படி சாய்த்து வையுங்கள். புத்தக நுரையீரல்கள் அடிவயிற்றில் இருப்பதால் வயிறு நனையவே கூடாது. மல்லாந்து கிடக்கும் சிலந்தியை மட்டும் தொடாதீர்கள். அது பெரும்பாலும் தோலுரிக்கிறது. முடியும்வரை ஸ்ப்ரே, இரை எதுவும் வேண்டாம். கிண்ணத்தில் நீர் இருந்தால் போதும்.