முதன்முறையாக மலர்க் கண்காட்சியில் பங்கேற்கிறீர்களா? செடியும் அலங்காரமும் மேசைக்குப் போகும்வரை

தோட்டச் சங்கத்தின் மலர்க் கண்காட்சிக்கு ஒரு செடியையாவது கொண்டுபோகலாமா என்று யோசித்து, ‘நம்முடையது அந்த அளவுக்கு இல்லை’ என்று ஒதுங்கிக்கொள்கிறவர்கள் ஏராளம். நானும் சில ஆண்டுகள் சுற்றிப் பார்ப்பதோடு நின்றேன். துணிந்து மேசையில் வைத்த பிறகுதான் புரிந்தது: அங்கே பரிசு பெறுபவை பெரும்பாலும் அரிய செடிகள் அல்ல. எல்லோரும் வளர்க்கிற ரோஜாவும் ஜினியாவும் குரோட்டன்ஸும்தான். அவை பழுதில்லாமல் இருந்தன. விதிமுறை கேட்டது கேட்டபடி இருந்தன. இந்த இரண்டையும் யாரும் கற்றுக்கொள்ள முடியும்.

முதல் படி: விதிமுறை ஏட்டைப் பென்சிலோடு படியுங்கள்

ஒவ்வொரு கண்காட்சிக்கும் சங்கம் ஒரு விதிமுறை ஏடு வெளியிடும். பொதுவாக அதில் இரண்டு பெரிய பிரிவுகள் இருக்கும். வெட்டிய மலர்களும் கிளைகளும் தொட்டிச் செடிகளும் வளர்ப்புப் பிரிவில் வரும். மற்றது மலர் அலங்காரப் பிரிவு. ஒவ்வொன்றுக்குள்ளும் எண்ணிட்ட வகுப்புகள் உண்டு. ‘வகுப்பு 14: ஜினியா, ஒரே ரகம், மூன்று காம்புகள்’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு நிபந்தனை. ஒரே ரகம் என்றால் நிறம் ஒத்திருந்தால் மட்டும் போதாது. மூன்று என்றால் மூன்றுதான்.

முதல் ஆண்டு நான் நான்கு வைத்தேன். நான்காவது பூ மற்ற மூன்றையும்விட நன்றாக இருந்தது. அதை விட்டுவர மனம் வரவில்லை. நடுவர்கள் அட்டையில் ‘விதிமுறைக்கு மாறானது’ என்று எழுதிவிட்டு, மதிப்பெண்ணே போடாமல் அடுத்த குப்பிக்கு நகர்ந்திருந்தார்கள். பூக்களில் ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து எண்ணிக்கை, அளவு, நேரம் ஆகிய மூன்றின் கீழும் கோடு போடாமல் நான் எந்த ஏட்டையும் மூடுவதில்லை.

நீங்கள் தேட வேண்டியவை: காம்புகளின் எண்ணிக்கை, தொட்டியின் அதிகபட்ச விட்டம், குப்பியைச் சங்கம் தருகிறதா நாம் கொண்டுபோக வேண்டுமா, ஒப்படைக்கும் நேரம், திரும்ப எடுக்கும் நேரம். அலங்காரப் பிரிவில் இடம் குறைவு என்பதால் பெரும்பாலும் முன்பதிவு தேவைப்படும்; வளர்ப்புப் பிரிவுக்கு அன்று காலையில் நேரே கொண்டுபோனால் போதும் என்று பல சங்கங்கள் வைத்திருக்கின்றன. இன்னொன்றும் முக்கியம். தொட்டிச் செடி இத்தனை மாதமாவது உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கும். இரண்டு அல்லது மூன்று மாதம் என்பது வழக்கம். முந்தின வாரம் வாங்கிய செடி, எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை வளர்த்தவருடைய உழைப்பு.

இரண்டாம் படி: மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள்

தொட்டிச் செடி வெளிச்சத்தை நோக்கியே வளரும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைத்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் படரும். இதைக் கண்காட்சிக்கு முந்தின வாரம் செய்து பயனில்லை. மாதக்கணக்கில் செய்தால்தான் தெரியும்.

டாலியா, செவ்வந்தி, ஒற்றைப் பூ ரோஜா ஆகியவற்றில் நுனி மொட்டுக்குக் கீழே முளைக்கிற பக்க மொட்டுகளை மிளகளவு இருக்கும்போதே விரலால் கிள்ளி எடுத்துவிடுங்கள். சத்து முழுவதும் ஒரே பூவுக்குப் போகும். தாமதித்துக் கிள்ளினால் காம்பில் வடு தெரியும். நடுவர் கண்ணுக்கு அது தப்பாது. கொத்தாகப் பூக்கும் ரோஜா வகுப்புக்கு இது பொருந்தாது. அங்கே நடு மொட்டைத்தான் முன்கூட்டியே நீக்குவார்கள், மற்றவை ஒரே சமயத்தில் விரிவதற்காக.

இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஓர் அசுவினி, ஒரு வெண்பொட்டு மாவுப்பூச்சி இருந்தால்கூட செடிகளைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பு மேசையிலேயே செடியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பக்கத்துச் செடிக்கும் பரவும் என்பதால் அது நியாயம்தான்.

மூன்றாம் படி: வெட்டுவதும் நீரூட்டுவதும்

பூ மேசையில் நிமிர்ந்து நிற்பதும் தலை கவிழ்வதும் முந்தின நாளே தீர்மானமாகிவிடுகிறது. வெட்டுவதற்கு அதிகாலை நல்லது, அடுத்தது மாலை. வெயில் ஏறிய பிறகு காம்பில் ஈரம் குறைந்திருக்கும். ஒரு வாளித் தண்ணீரைச் செடிக்கருகிலேயே கொண்டுபோங்கள். கூரான கத்தரியால் தேவைக்குச் சற்று நீளமாகவே வெட்டி, உடனே வாளியில் வையுங்கள். வீட்டுக்குள் வந்ததும் காம்பின் அடியை நீருக்குள் வைத்தபடியே இன்னொருமுறை சாய்வாக வெட்ட வேண்டும். காற்றில் வெட்டினால் நீர்க்குழாய்களுக்குள் காற்றுக்குமிழி ஏறி அடைத்துக்கொள்ளும்; குப்பி நிறைய நீர் இருந்தும் பூ வாடும்.

பிறகு வெதுவெதுப்பான நீரில், ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ், கை பொறுக்கிற சூடு போதும், காம்புகளை நிறுத்துங்கள். நீரில் மூழ்கும் இலைகளை எடுத்துவிடுங்கள். வாளியை இருட்டான, குளிர்ந்த, காற்று வீசாத மூலையில் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். பக்கத்தில் பழங்கள் இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு பூவை விரைவில் முதிரச் செய்யும்.

ஒவ்வொரு பூவுக்கும் தன் குணம் உண்டு. பால் வடியும் காம்புகளின் வெட்டு முனையைச் சில நொடிகள் தீயில் காட்டி மூட வேண்டும். ஹைட்ரேஞ்சியா வாடினால் பூத்தலையையே அரைமணி நேரம் நீரில் அமிழ்த்தி வைக்கலாம். அது இதழ்கள் வழியாகவும் நீர் குடிக்கும். கிளாடியோலஸைப் படுக்க வைத்தால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், பிறகு நேராகாது. வெட்டிய பிறகும் டியூலிப் வளர்ந்துகொண்டே இருக்கும். அலங்காரத்தில் வைக்கும்போது அதற்கும் இடம் விடுங்கள்.

எந்த அளவு விரிந்த பூவை வெட்டுவது? ரோஜா என்றால் பாதியிலிருந்து முக்கால்வரை விரிந்து, நடுவில் இதழ்கள் சுருள் கலையாமல் இருக்க வேண்டும். கிளாடியோலஸ் என்றால் அடிப்பூக்கள் விரிந்து, நடுவில் உள்ளவை நிறம் காட்டி, நுனி மொட்டுகள் பச்சையாக இருப்பது அழகு. ஒன்றுக்கு மூன்றாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் எது எவ்வளவு விரியும் என்று அனுபவசாலிகளாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நான்காம் படி: துப்புரவு

ஒரு ரோஜாவை எடுத்துக்கொள்வோம். முதலில் பக்கவாட்டில் பார்க்கிறேன். வெளி இதழ் ஒன்றில் பழுப்புக் கீறல். அந்த இதழை அடியோடு பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் முழுதாக வந்துவிடும்; இழுத்தால் கிழிந்து அடிப்பகுதி தங்கிவிடும். ஓர் இதழ் போனால் வட்டம் கெடுகிறதா என்று மேலிருந்து பார்க்கிறேன். கெடவில்லை. அடுத்து இலைகள். ஈரமான மென்தூரிகையால் நரம்பின் போக்கில், நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைக்கிறேன். மருந்து தெளித்த வெண்திட்டுகள் இலையடியில்தான் அதிகம். கடைசியாக, இலை விளிம்பில் பூச்சி கடித்த சிறு பள்ளம்; கூரான கத்தரியால் விளிம்பின் பல்வரிசையை ஒட்டியே நறுக்கினால் மறைந்துவிடும். நேராக நறுக்கினால் அதுவே கண்ணைக் குத்தும்.

இலை பளபளக்க எண்ணெய், பால், தெளிப்பு மெருகு எதுவும் வேண்டாம். தகுதி நீக்கத்துக்கு அது போதுமான காரணம். வளர்ப்புப் பிரிவில் லில்லியின் மகரந்தப் பைகளைக் கிள்ளாதீர்கள். பூவின் ஓர் உறுப்பு குறைந்ததாகக் கணக்காகும். சதைச் செடிகளின் மேல் படிந்திருக்கும் வெண்பொடியைத் தொடவே கூடாது. விரல் பட்ட இடம் அப்படியே தெரியும், அந்த இலையில் பொடி திரும்ப வராது. தொட்டியின் வெளிப்புறத்து உப்புக் கறையைத் தேய்த்துக் கழுவுங்கள். வண்ணத் தொட்டியைவிட எளிய, சுத்தமான தொட்டி மேல். செடியைப் பார்க்க வேண்டிய கண் தொட்டியில் நிற்கக் கூடாது.

ஐந்தாம் படி: பெயரும் அட்டையும்

பதிவு அட்டையில் வகுப்பு எண், தாவரவியல் பெயர், ரகத்தின் பெயர், உங்கள் பெயர் இருக்கும். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் நிலைநிறுத்திய இருசொல் முறைதான் இன்றும் வழக்கம்: முதலில் பேரினம், பிறகு சிற்றினம், ரகத்தை ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். செம்பருத்தி என்றால் ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். ரோஜாவுக்கு ரோசா ‘பீஸ்’ என்பது போல. பெயர்கள் மாறுவதும் உண்டு. சன்செவேரியா என்று நாம் பழகிய பாம்புச் செடி இப்போது ட்ரசீனா பேரினத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து, ஈரம் பட்டாலும் கரையாத மையில் எழுதுங்கள். நடுவர் பார்க்கும்போது உங்கள் பெயர் தெரியாதபடி அட்டையை மடித்து வைப்பார்கள்.

ஆறாம் படி: அலங்காரப் பிரிவுக்குப் போகிறவர்களுக்கு

இங்கே ஏட்டில் ஒரு தலைப்பும், ஒரு வகையும், ஓர் இடஅளவும் தரப்பட்டிருக்கும். ‘புயலுக்குப் பின், அகலம் 60 செ.மீ., ஆழம் 60 செ.மீ., உயரம் 90 செ.மீ.’ என்பது போல. பொம்மை வீட்டையும் ஒடிந்த மரத்தையும் வைத்துப் புயலைக் காட்ட வேண்டியதில்லை. ஒரு பக்கம் வளைந்த உலர்ந்த கிளை ஒன்று, அதன் அடியில் தாழ்வாக மூன்று வெள்ளைப் பூக்கள், மீதி வெற்றிடம். பார்ப்பவர் நெஞ்சில் புயலை உணர்த்த அது போதும்.

வீட்டில் ஓர் அட்டைப் பெட்டியை அதே அளவில் வெட்டி மூலையாக நிறுத்தி, அதற்குள் கட்டிப் பாருங்கள். ஒரு புல்லின் நுனி எல்லையைத் தாண்டினாலும் குற்றம். விளிம்பிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் உள்ளே நிற்பது பாதுகாப்பு. சிறு அலங்கார வகுப்புகளில் 10 செ.மீ., 25 செ.மீ. போன்ற உச்ச வரம்புகள் வரும். அளவுகோல் வைத்தே பார்ப்பார்கள். முதல் முறைக்கு இந்தச் சிறு வகுப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறியது எளியதுபோலத் தோன்றும், ஆனால் ஒரே ஓர் இலை பெரிதாகிவிட்டாலும் மொத்தமும் குலையும்.

கட்டும் வரிசை இதுதான். கோடு முதலில்: கிளை அல்லது நீண்ட இலை, பாத்திரத்தின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிறகு கண் நிற்க வேண்டிய இடத்தில் பெரிய பூ. கடைசியில் இடைநிரப்பிகள், மிகக் குறைவாக. முடிந்தது என்று தோன்றியதும் ஒன்றை எடுத்துவிட்டுப் பாருங்கள். நன்றாக இருந்தால் இன்னொன்றையும் எடுங்கள். கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்தால் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடனே தெரியும். நிறம் கண்ணை மயக்காது.

பூவைப் பிடித்து நிறுத்த, ஜப்பானிய மலர் அலங்காரக் கலையான இகெபானாவில் பயன்படும் கென்சான் என்ற முள்தட்டு நல்ல முதலீடு, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அதைப் பாத்திரத்தில் ஒட்டும்போது தட்டு, பாத்திரம், ஒட்டுக்களிமண் மூன்றும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் மேசையில் வைத்தபின் மெல்லச் சாயும். ஃப்ளோரல் ஃபோம் என்ற பச்சைப் பஞ்சைப் பயன்படுத்தினால் நீரில் மிதக்கவிட்டு, அது தானாக மூழ்கும்வரை காத்திருங்கள். கையால் அமுக்கினால் வெளிப்புறம் மட்டும் நனைந்து, உள்ளே உலர்ந்த குழி நின்றுவிடும். அந்தக் குழியில் குத்திய பூ முதலில் வாடும். இந்தப் பஞ்சு மக்காத பிளாஸ்டிக் என்பதால் இப்போது பல கண்காட்சிகள் அதைத் தவிர்க்கச் சொல்கின்றன. சுருட்டிய கம்பிவலையில் பழகிக்கொள்வது நல்லது. எதைப் பயன்படுத்தினாலும் அது வெளியே தெரியக் கூடாது.

செயற்கைப் பூவும், சாயமேற்றிய புதுமலரும் பெரும்பாலான சங்கங்களில் ஏற்கப்படுவதில்லை. காட்டிலிருந்து பறித்த, பாதுகாக்கப்பட்ட தாவரங்களை எங்கும் வைக்காதீர்கள்.

ஏழாம் படி: அந்தக் காலை

பையில் கத்தரி, மென்தூரிகை, பஞ்சுக் குச்சி, நீளமூக்கு நீர்க்குடுவை, துணி, உதிரிப் பூக்கள் இருக்கட்டும். காம்பு குப்பியில் ஆடாமல் நிற்க, அதன் வாயில் ஒரு சிறு துண்டு நுரைப்பஞ்சு செருகலாம். விளிம்புக்கு மேலே தெரியாமல் இருக்க வேண்டும். ரோஜா விரிவதற்காக இதழ்களுக்கிடையே பஞ்சு வைத்திருந்தால் எடுத்துவிட்டீர்களா என்று இருமுறை பாருங்கள். ஏற்பு மேசையில் இருப்பவர்கள் தவறைச் சுட்டினால் மகிழுங்கள். திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்போதே சொல்கிறார்கள்.

நடுவர்கள் வரும்போது பங்கேற்பாளர்கள் அரங்கை விட்டு வெளியேற வேண்டும். 100 மதிப்பெண்ணில் 90 தொட்டால்தான் முதல் பரிசு என்று வைத்திருக்கும் சங்கங்களில், வகுப்பில் நீங்கள் ஒருவரே இருந்தாலும் முதல் பரிசு உறுதியில்லை. வேறு சிலவற்றில் வந்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துவார்கள். முடியும் நேரத்துக்கு முன்பாக எதையும் எடுத்துப் போகாதீர்கள்.

நடுவரின் குறிப்பு எழுதிய அட்டையைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள். என் தொட்டிச் செடி ஒன்றுக்கு மூன்றாம் பரிசு வந்த ஆண்டு, அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘ஒரு பக்கம் மட்டும் செழித்திருக்கிறது.’ அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், சன்னலோரத்தில் இருந்த தொட்டிகள் எல்லாவற்றையும் கால் வட்டம் திருப்பி வைத்தேன்.