கட்டடச் சீரமைப்பு நிறுவனத்தில் பகுதிநேரக் கணக்காளர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரத்தில் சில நாள்கள் மட்டும் வரும் கணக்காளரிடம் நிறுவனங்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது, பில் போடுவதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வதும்தான். புதுக் கட்டடம் கட்டும் நிறுவனத்தில் அதை வைத்தே ஓரளவு காலம் தள்ளிவிடலாம். சீரமைப்பில் அது நடக்காது, ஏனெனில் பூச்சைக் கொத்தி எடுத்த பிறகுதான் வேலையின் உண்மையான அளவே தெரியவரும்.

பால்கனித் தளத்தின் அடிப்பகுதியில் மட்டும் கம்பி துருப்பிடித்திருப்பதாகக் கொட்டேஷனில் எழுதியிருப்பார்கள். கொத்திப் பார்த்தால் துரு உத்தரம் வரை பரவியிருக்கும். சைட் இன்ஜினியர் வீட்டு உரிமையாளரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வேலையை முடித்துவிடுவார். அடுத்த முறை அலுவலகம் வரும் கணக்காளர் கொட்டேஷனைப் பார்த்து அப்படியே பில் போடுவதுதான் இத்தொழிலில் அதிகப் பணத்தை விழுங்கும் தவறு. கூடுதல் வேலையின் அளவும் விலையும் உரிமையாளரின் கையெழுத்துடன், பழுது மூடப்படும் முன்பே, எழுத்தில் இருக்க வேண்டும். மைக்ரோ கான்கிரீட் (பழுதுபார்ப்புக்கான நுண்துகள் கான்கிரீட்) ஊற்றிப் பூசிய பிறகு உள்ளே எத்தனை மீட்டர் கம்பி மாற்றப்பட்டது என்று யாரும் அளந்து காட்ட முடியாது. இது இன்ஜினியரின் வேலை என்று சொல்வோர் உண்டு. ஆனால் நஷ்டம் வந்து நிற்பது கணக்குப் புத்தகத்தில்தான் என்பதால், எம்-புக் (செய்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் அளவுப் புத்தகம்) பதிவும் புகைப்படமும் வராமல் பில் போடுவதில்லை என்று கணக்காளரே கறாராக இருப்பது நல்லது.

அடுத்தது, வாடிக்கையாளர் பில்லிலிருந்து பிடித்துவைக்கும் தொகை (ரிடென்ஷன்). வாடிக்கையாளரான ஒரு கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்து, 18% ஜிஎஸ்டி சேர்த்து 11,80,000 ரூபாய்க்குப் பில் கொடுத்ததாகக் கொள்வோம். அவர்கள் ஒப்பந்தப்படி 5% ஆக 50,000 ரூபாயை நிறுத்திவைத்து, வரிக்கு முந்தைய தொகையில் 2% டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துச் செலுத்தும் வருமான வரி) ஆக 20,000 ரூபாயைக் கழித்து, 11,10,000 ரூபாய் அனுப்புவார்கள். மீதி 70,000 ரூபாயைப் பார்ட்டி லெட்ஜரிலேயே (அந்த வாடிக்கையாளரின் கணக்கிலேயே) விட்டுவைத்தால், ஓராண்டு கழித்து அது எதன் பாக்கி என்று எவருக்கும் நினைவிராது. தள்ளுபடி என்று எழுதி முடித்துவிடுவோரும் உண்டு. ரிடென்ஷனுக்கு ஒரு லெட்ஜரும் டிடிஎஸ் வரவுக்கு ஒரு லெட்ஜரும் திறந்து, முன்னதில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வேலையில் குறை தென்பட்டால் நாமே சரிசெய்து தர வேண்டிய காலம்) முடியும் தேதியைக் குறித்து, பின்னதை, நம் பெயரில் பிடித்துச் செலுத்தப்பட்ட வரியைக் காட்டும், 26ஏஎஸ் என்ற பெயரில் பழகிய வருமான வரித் துறை அறிக்கையுடன் ஒப்பிட்டுவர வேண்டும்.

மேஸ்திரிக்கு வாரந்தோறும் 25,000 ரூபாய் கூலி ஒப்பந்தமாகக் கொடுக்கும்போது, ஒரு தவணை 30,000 ரூபாயைத் தாண்டவில்லை என்பதால் டிடிஎஸ் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். நிதியாண்டின் மொத்தம் 1,00,000 ரூபாயைத் தாண்டியதும் பிடித்தம் செய்தாக வேண்டும், அதுவும் முதலிலிருந்து கொடுத்த தொகை முழுவதற்கும். ஐந்தாவது வாரத்திலேயே அந்த வரம்பு கடந்துவிடுகிறது. பிடித்ததை, மார்ச் மாதப் பிடித்தம் தவிர, அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும் என்பதால், நாம் அலுவலகம் வராத நாளில் அந்தத் தேதி விழுகிறதா என்பதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்செலவு வருமான வரிக் கணக்கில் ஏற்கப்படாது என்பதையும் சைட்டில் பணம் கையாள்பவருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

“சாரம் 2 லோடு, டீ, ரப்பிஷ் அள்ளியது: 6,400” என்ற துண்டுச்சீட்டில் எந்த சைட் என்று இருக்காது. அதை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ‘சைட் செலவு’ என்ற ஒரே தலைப்பில் பதிந்துவிடுவது எளிது. எந்த வேலையில் லாபம், எதில் கைநஷ்டம் என்பது அதன்பின் தெரியவே தெரியாது. சைட் ஒவ்வொன்றுக்கும் ஒரு காஸ்ட் சென்டர் (செலவைத் தனியாகப் பிரித்துக் காட்டும் தலைப்பு) வைத்து, சைட் பெயர் எழுதாத சீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். சாரத்தின் நாள் வாடகைக்கான பில் பல நேரம் வேலை முடிந்து வெகுநாள் கழித்தே வரும் என்பதால், எத்தனை நாள் நின்றது என்று கேட்டு அத்தொகையை மாதக் கடைசியிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும்.