வண்ணக் கண்ணாடி ஜாடி: வாங்குவதிலும் வைப்பதிலும் நடக்கும் தவறுகள்

கையால் ஊதிச் செய்த ஜாடியைக் கையில் எடுத்ததும் பலரும் குறைதான் தேடுகிறார்கள். வாய் கொஞ்சம் கோணல், உள்ளே ஒரு காற்றுக் குமிழி என்று சொல்லி விலையைக் குறைக்கக் கேட்பார்கள். சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் பாகு பதத்தில் இருப்பதைச் சுழற்றிக்கொண்டே ஊதினால் கோணலும் குமிழியும் வரத்தான் செய்யும். குமிழிகளை வேண்டுமென்றே உள்ளே அடைப்பவர்களும் உண்டு.

கவனிக்க வேண்டியது வேறு. அந்த நிறம் மேலே பூசியது இல்லை. கோபால்ட் கலந்த நீலம் போன்ற நிறக் கண்ணாடிகளைப் பொடியாகவோ துண்டாகவோ சூடான கண்ணாடியில் ஒட்டி உருக்குகிறார்கள். ஆக, ஒரே ஜாடிக்குள் பல கண்ணாடிகள். சூடு ஆறும்போது அவை சுருங்கும் அளவு ஒத்துப்போகாவிட்டால், சேர்ந்த இடத்தில் இழுவிசை தங்கிவிடும். ஊதி முடித்ததைச் சுமார் 500 டிகிரி சூளையில் வைத்து மணிக்கணக்கில் மெல்ல ஆறவிடுவது, ஆறும் வேகத்தால் வரும் இழுவிசையைப் போக்கத்தான். தடித்த வேலைப்பாட்டுக்கு நாள்கணக்கில்கூட ஆகும். ஆனால் பொருந்தாத கண்ணாடிகளுக்கு எந்தச் சூளையும் உதவாது. இப்படி ஒரு ஜாடி வாங்கிப் பல வாரம் கழித்து, யாரும் தொடாமலே விரிசல் விடலாம்.

இதைக் கடையிலேயே ஓரளவு சோதிக்கலாம். மடிக்கணினியின் எல்சிடி திரையை வெள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள். போலரைஸ்டு குளிர்கண்ணாடியைக் கழற்றிக் கண்முன் சுழற்றினால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அப்போது ஜாடியை இடையில் பிடித்தால் இழுவிசை உள்ள இடம் வெளிச்சமாகத் தெரியும். லேசாகத் தெரிந்தால் பயமில்லை. நிறங்கள் சேரும் கோட்டில் பளிச்சென்று இருந்தால் வேண்டாம். அடர் நிறத்தில் இந்தச் சோதனை பலிக்காது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

ஜாடியில் கையெழுத்துப் போட்ட கலைஞரே அதை ஊதியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. 2021-இல் நம் சிங்கப்பூர்க் கரையோரப் பூந்தோட்டங்களில் படைப்புகளைக் காட்சிக்கு வைத்த அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி, 1976-இல் கார் விபத்தில் இடக்கண் பார்வையை இழந்தவர். 1979-இல் தோளிலும் அடிபட்ட பிறகு ஊதுகுழாயைக் குழுவிடம் கொடுத்துவிட்டு, வரைந்து காட்டி வேலை வாங்கினார். அவை அவருடைய படைப்புகள் இல்லையென்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம் வீடு. தீபாவளிக்கு அழகாக இருக்குமென்று ஜாடிக்குள் அகல் விளக்கு ஏற்றாதீர்கள். சுடர் பட்ட இடம் மட்டும் சூடாகி விரியும், தடித்த அடிப்பாகம் குளிர்ந்தே இருக்கும், கண்ணாடி பிளந்துவிடும். சிறிய எல்இடி விளக்கு போதும். இரவெல்லாம் ஏர்கான் அறையில் இருந்ததை வெந்நீரில் கழுவினாலும் இதே கதிதான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இன்னொரு தொல்லை ஈரம். இங்கே காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். பூ வைத்து எடுத்த குறுகிய கழுத்து ஜாடியை ஈரத்தோடு அலமாரியில் பூட்டினால், உள்ளே தேங்கும் ஈரம் கண்ணாடியிலுள்ள சோடியத்தை மெல்லக் கரைத்துக் காரத்தன்மை அடைந்து பரப்பையே அரிக்கும். கழுவியதும் கவிழ்த்து நன்றாக உலர விடுங்கள். உள்ளே வெண்படலம் இருந்தால் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள்; வெறும் நீர்க்கறையாக இருந்தால் போய்விடும். போகாவிட்டால் பரப்பு அரிபட்டிருக்கலாம். அதற்கு மேல் மணலோ இரும்பு நாரோ போட்டுத் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.