டாட்ரி: ஜிகினாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்

டி, ஏ, டபிள்யூ, டி, ஆர், ஒய். வாயில் வருவது டாட்ரி. அகராதி ‘பகட்டான’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும், சிக்கலே அங்கேதான், ஏனென்றால் எல்லாப் பகட்டும் டாட்ரி ஆகாது.

ஒரு கழுத்துமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் கல்லும் பொன்னுமாக ஜொலிக்கிறது. கையில் வாங்கிப் பார்த்தால் கல்லைச் சுற்றிப் பசை வழிந்து காய்ந்திருக்கிறது, கொக்கி பக்கம் முலாம் உரிந்து சாம்பல் நிறத் தகரம் எட்டிப் பார்க்கிறது. இதுதான் டாட்ரி. மினுக்கும் வேண்டும், சரக்கும் மட்டமாக இருக்க வேண்டும். நிறம் மட்டும் கண்ணைக் கூசவைக்கிறது என்றால், துணி அசல் பட்டாகவே இருந்தாலும், அதற்கு ஆங்கிலத்தில் ‘காடி’ என்று வேறு சொல். உண்மையான வைரத்தையே போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் காட்டினால் ‘ஆஸ்டென்டேஷியஸ்’. அர்த்தராத்திரியில் குடை பிடிக்கிற கேஸ் அது.

சொல் பிறந்த கதை தெரிந்தால் இந்த வித்தியாசம் மறக்காது. இங்கிலாந்தின் ஈலி என்ற ஊரில் 673இல் மடம் நிறுவிய எதல்ட்ரீடா என்ற அரசிக்கு ஆட்ரி என்றும் பெயர். 679இல் கழுத்தில் கட்டி வந்து இறந்தார். இளம் வயதில் ஆசை ஆசையாக மாலை போட்டுக்கொண்டதற்குக் கிடைத்த தண்டனை இது என்று அவரே சொன்னதாகத் துறவி பீட் எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் பல நூற்றாண்டு கழித்து, அவர் பெயரில் நடந்த சந்தையிலேயே கழுத்தில் கட்டும் பட்டு நாடாவை ‘செயின்ட் ஆட்ரி லேஸ்’ என்று விற்றார்கள் (பாவம் அந்த அம்மா!). வேகமாகச் சொல்லிச் சொல்லி செயின்ட்டின் கடைசி ‘ட்’ ஆட்ரியோடு ஒட்டிக்கொண்டது. நாளடைவில் நாடா மட்டமாகப் போக, சொல்லும் கூடவே இறங்கிவிட்டது.

சரி, பயன்பாடு. ‘டாட்ரி ஜுவல்லரி’ என்று பெயருக்கு முன்னாலும் போடலாம், ‘தி ரூம் லுக்ட் டாட்ரி’ என்று பின்னாலும் போடலாம். ஒப்பிட டாட்ரியர், டாட்ரியஸ்ட், பெயர்ச்சொல் டாட்ரினஸ். செய்தியில் ‘எ டாட்ரி அஃபேர்’ என்று வந்தால் அங்கே ஜிகினாவைத் தேடாதீர்கள், கேவலமான, அசிங்கம் பிடித்த விவகாரம் என்று அர்த்தம். இந்த இரண்டாவது பொருளில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

யாராவது புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால் மட்டும் இந்தச் சொல்லை எடுக்காதீர்கள், நேரடி அவமானம் அது. ‘பிரைட்டா இருக்கு’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.